மருமகள் விழுந்த தடவைகளும் பிள்ளையாருக்கு வைத்த நேர்த்தியும்

அன்று காலை பிள்ளையார் கோயில் வாசலில் நின்றவர்கள் ஏழு பேர். பூசை செய்கிற ஐயர். கோயில் நிர்வாகசபைத் தலைவர். அவர் தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். என் அக்கா. அக்காவின் கணவரான அத்தான். அவர்களின் ஒரே மகள், எனக்கு மருமகள், நாட்டின் பெண்கள் றக்பி அணிக்கு விளையாடுகிறவள். நெடுங்கேணிச் சந்தையில் தேங்காய் விற்கிறவர், பெட்டி பூட்டிய தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு. ஏழாவது ஆள் நான். யாரோ கட்டாமல் விட்ட ஓர் ஆடும் நின்றது. அது சிதறுகிற தேங்காய்ச் சொட்டுக்காக வந்தது, எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

லான்ட்மாஸ்டர் பெட்டியில் அறுபது தேங்காய்கள் கிடந்தன. பதினொன்றே முக்காலுக்கு மருமகள் வவுனியா பஸ் ஏற வேண்டும். அங்கிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து விமானம். அவள் பஸ் ஏறுவதற்குள் அத்தனை தேங்காயும் உடைந்து என் நேர்த்திக்கடன் தீர்ந்தாக வேண்டும். தீராமல் விமானம் ஏறினால், அடுத்த ஆட்டத்தில் விழுகிறவள் எழும்பமாட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அந்த முறை ஊருக்கு வந்ததே முழங்காலில் பட்டி சுற்றிக்கொண்டுதான்.

நேர்த்தி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிளகாயும் மாவும் அரைக்கிற மில் ஒன்று வைத்திருக்கிறேன். மில் ஓடும்போது பெல்ட் அறுந்துவிடுமோ என்று பயப்படுவேன். நிற்பாட்டினால் திரும்ப ஓடாதோ என்று பயப்படுவேன். இப்படிப்பட்டவனுக்கு ஒரேயொரு மருமகள். அவளும் கரம்போட் விளையாடுகிறவளாக வாய்க்கவில்லை.

பள்ளிக்கூட நாட்களில் அவள் இருநூறு மீற்றர் ஓட்டக்காரி. முள்ளியவளைப் பக்கம் நடந்த ஒரு போட்டிக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் ஒருவர் அவள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, முட்டை வடிவில் ஒரு பந்தைக் கையில் கொடுத்து, "இதோட ஓடு" என்றாராம். ஓடினாள். இரண்டு வருடத்தில் கொழும்பில் வேலை, பின்னேரங்களில் பயிற்சி. நாலாம் வருடம் நாட்டு அணியில் இடம். எங்கள் பக்கத்திலிருந்து அந்த அணிக்குப் போன முதல் பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா அயலெல்லாம் கற்கண்டு கொடுத்தாள். அந்த விளையாட்டு எப்படியிருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அத்தான் மட்டும் அது வலைப்பந்து மாதிரி ஒன்று என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வெளிநாட்டில் அவளுடைய முதல் ஆட்டத்தை நான் மில்லில் வைத்து போனில் பார்த்தேன். மிளகாய் அரைக்க வந்த நாலைந்து பெண்களும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் பிள்ளை பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவருகிறாள். பின்னால் மூன்று பெண்கள் துரத்துகிறார்கள். ஒருத்தி இடுப்பைப் பிடித்து இழுக்க, எங்கள் பிள்ளை ஒரு வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் போய் நெஞ்சு நிலத்தில் அடிபட விழுகிறாள். மேலே இரண்டு பேர் விழுகிறார்கள்.

"ஐயோ, இது விளையாட்டில்லை, சண்டை" என்றாள் ஒருத்தி.

"நடுவர் ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறான்?" என்றாள் மற்றவள்.

நான் அதற்குமேல் பார்க்கவில்லை. மோட்டரை நிற்பாட்டி, சைக்கிளை எடுத்து, உடுத்திருந்த மிளகாய்த்தூள் படிந்த சாரத்தோடே பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். கண் எரிந்தது மிளகாயாலோ பயத்தாலோ தெரியாது. கைகூப்பி நின்று, வாயால் சத்தமாகவே சொன்னேன்:

"அப்பனே, அவள் பந்தோட அந்தக் கோட்டுக்கு அங்கால விழுந்து எலும்பு முறியாமல் எழும்பிற ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு தேங்காய். அவளைக் கொண்டுவந்து உன்ர முன்னால நிப்பாட்டி உடைப்பன்."

கிணற்றடியில் வாளி கழுவிக்கொண்டிருந்த ஐயர் இதைக் கேட்டுவிட்டார். கேட்டிராவிட்டால்கூட நான் ஏமாற்றியிருக்கமாட்டேன். ஆனாலும் கேட்டது கேட்டதுதான்.

அந்தக் கோட்டுக்கு அப்பால் விழுவது ஓர் ஆபத்து, எப்போதாவது நடப்பது, மரத்திலிருந்து விழுகிற மாதிரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். வருடத்துக்கு ஒன்று வரும், இரண்டு வரும் என்று மனதில் ஒரு கணக்கு. அன்று பின்னேரம் மருமகள் போன் எடுத்தாள்.

"மாமா, பாத்தனீங்களோ? மூண்டு!"

"மூண்டு தரம் விழுந்தனியோ பிள்ளை? நோகேல்லையோ?"

"மாமா, விழத்தானே வேணும்! கோட்டுக்கு அங்கால பந்தை நிலத்தில அமத்தினால்தான் அஞ்சு புள்ளி."

"விழுறதுக்குப் புள்ளியோ?"

"ஓம் மாமா. அதுக்குத்தானே ஓடுறது. எங்கட அணியில அந்த வேலை எனக்குத்தான். ஓரத்தில நிண்டு பந்தை வாங்கிக்கொண்டு ஓடி விழுறது."

நான் மாவு மூட்டைமேல் குந்திவிட்டேன். உலகத்தில் அத்தனை விளையாட்டு இருக்க, ஆட்கள் விழுவதற்கென்றே கோடு கீறி வைத்திருக்கிற விளையாட்டுக்கு, அதுவும் விழுகிற பதவிக்கு, என் மருமகள் போய்ச் சேர்ந்திருக்கிறாள். நானோ அந்த விழுகைக்குத் தேங்காய் பேசிவிட்டேன்.

அடுத்த நாளே ஐயரிடம் போனேன். ஆட்டத்தின் விதி தெரியாமல் வைத்த நேர்த்தி, கொஞ்சம் மாற்றலாமா என்று கேட்டேன். ஒவ்வொரு விழுகைக்கும் என்பதை ஒவ்வொரு பயணத்துக்கும் என்று ஆக்கினால் என்ன என்பது என் யோசனை.

ஐயர் சந்தனம் அரைப்பதை நிறுத்தவில்லை. "நேர்த்தி வைக்கேக்க என்னட்டைக் கேட்டனீரோ?"

"இல்லை ஐயா."

"அப்ப மாத்தவும் என்னட்டைக் கேக்காதையும்."

அதன்பின் ஆறு வருடம். அவள் ஊருக்கு வருகிற நாட்களில் ஒன்றில் சொந்தத்தில் சாவீட்டுத் துடக்கு, அல்லது எனக்குக் காய்ச்சல், அல்லது அவள் விடிய வந்து மத்தியானம் திரும்பிவிடுவாள். அவளை முன்னால் நிறுத்தித்தான் உடைப்பேன் என்று நானே சொல்லியிருந்ததால், அவளில்லாமல் உடைக்கவும் வழியில்லை. மோட்டருக்குப் பக்கத்துச் சுவரில் சோக்கினால் கோடு கீறி வந்தேன். மில்லுக்கு வருகிறவர்கள் அதைத் தங்கள் அரைகூலிப் பாக்கி என்று நினைத்து, கேட்காமலே காசு தந்துவிட்டுப் போன சந்தர்ப்பங்களும் உண்டு.

அவள் முன்னேறிய விதத்தைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. ஒரு சுற்றுப்போட்டியில் சிறந்த வீராங்கனை. ஒரே ஆட்டத்தில் நாலு தடவை கோட்டைத் தாண்டியவள். தங்கள் பக்கக் கோட்டிலிருந்து எதிர்ப்பக்கக் கோடு வரை முழு மைதானத்தையும் தனியாக ஓடிக் கடந்தவள். பிறகு அணித்தலைவி. அந்தப் படங்களை அக்கா வெட்டி அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டினாள். படத்தில் அவள் காற்றில் கிடையாகப் பறந்து வருவாள். மற்றவர்களுக்கு அது ஒரு சாதனை. எனக்கு இன்னும் நிலத்தில் படாத ஒரு பிள்ளையும் ஒரு தேங்காயும்.

நேர்த்தி வைத்தபோது ஒரு தேங்காய் ஐம்பது ரூபாய். இவள் ஏற ஏற அதுவும் ஏறி நூற்றெண்பதில் நின்றது. ஒருநாள் போனில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"பிள்ளை, கோட்டடிக்கு வந்தவுடன பந்தைப் பக்கத்தில வாற பிள்ளையிட்டக் குடுத்தால் என்ன? அவளுக்கும் ஆசை இருக்குந்தானே."

"மாமா, அந்தப் பிள்ளையும் விழத்தானே வேணும்?"

"அவளுக்கும் ஒரு மாமா இருப்பார்தானே."

அவள் சிரித்த சிரிப்பில் போன் கட்டாகிவிட்டது. அவளுக்கு அப்போது நேர்த்தியைப் பற்றித் தெரியாது.

சந்தையில் தேங்காய் விற்கிறவருக்கு மட்டும் எல்லாம் தெரியும். மொத்தமாக எடுத்தால் விலை குறையுமா என்று விசாரிக்கப் போய் நானே உளறிவிட்டேன். அந்த நாளிலிருந்து நெடுங்கேணியில் அவரைவிட றக்பி தெரிந்த ஆள் கிடையாது. எந்த நாட்டோடு எப்போது ஆட்டம், யாருடைய தடுப்பு பலம் என்பதெல்லாம் மனப்பாடம்.

"அண்ணை, நாளைக்கு வாற அணி சரியான பலவீனம். ஒரு அஞ்சு காய் எதிர்பாக்கலாம்."

"தம்பி, பிள்ளை பத்திரமா வந்தால் காணும்."

"பத்திரமா வருவா அண்ணை. ஆனால் அஞ்சு."

போன வருடம் அவள் நாட்டுச் சாதனையை முறியடித்தாள். பெண்கள் அணிக்கு விளையாடியவர்களில் மிக அதிக தடவை கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தவள் என்ற பெயர், முன்பு விளையாடி ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து இவளுக்கு வந்தது. விளையாட்டுக்கழகப் பெடியள் சந்தியில் பிளெக்ஸ் கட்டினார்கள். அவளுடைய படம், பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஓர் எண்: 57. நான் சோக்குக் கோடுகளை மறைக்கச் சுவரில் கலண்டர் தொங்கவிட்டிருந்தேன். இவர்கள் என் கடனைச் சந்தியில், இரவிலும் தெரிகிற மாதிரி லைற் போட்டுத் தொங்கவிட்டார்கள். பிளெக்ஸுக்குக் கீழே நின்று நான் கண்ணைத் துடைத்ததைக் கண்டவர்கள், மாமாக்காரனுக்கு எவ்வளவு சந்தோசம் என்று பேசிக்கொண்டார்கள். சந்தோசமும் இருந்ததுதான். இல்லையென்று சொல்லமாட்டேன்.

அதற்குப் பிறகுதான் பயிற்சியில் அவளுக்கு முழங்கால் பிரண்டது. ஒரு மாத ஓய்வு. எனக்கு விசயம் உடனே விளங்கிவிட்டது. பிள்ளையார் ஆறு வருடம் பொறுத்துவிட்டு ஒரு நினைவூட்டல் அனுப்பியிருக்கிறார். முழங்கால் சரியென்று டொக்டர் சொல்லி அவள் அடுத்த சுற்றுப்போட்டிக்குத் தெரிவாகி, புறப்படுவதற்கு முன் மூன்று நாள் வீட்டில் நிற்க வந்தாள். அவளிடமும் அக்காவிடமும் அத்தானிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தான் எழும்பிப்போய்த் தண்ணீர் குடித்தார். அக்கா மட்டும் தலையில் கை வைத்தாள்.

"டேய், நேர்த்தி வைக்கிறவன் ஒரு தொகை சொல்லித்தானே வைப்பான்? எல்லை இல்லாமல் ஆராவது வைப்பானோ?"

"நான் அவள் விழமாட்டாள் எண்டு நினைச்சனான் அக்கா."

ஐம்பத்தேழோடு, எண்ணிக்கை தவறியிருந்தால் என்ற பயத்துக்கு மூன்று சேர்த்து அறுபது காய்க்குச் சொன்னேன். அப்படித்தான் அந்தக் காலை வந்தது.

ஐயர் தீபம் காட்டி முடித்து வாசலுக்கு வந்தார். தலைவர் ஒரு பழைய தபால் உறையின் பின்பக்கத்தில் எழுத ஆயத்தமாக நின்றார். "எத்தினை?" என்று ஐயர் கேட்டார்.

"அம்பத்தேழு" என்றேன்.

"அது நடுவர் குடுத்தது மாமா" என்றாள் மருமகள். "நாலு தரம் நான் விழுந்து பந்தை வைச்சும், வீடியோவில பாத்திட்டு இல்லையெண்டவை."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "நீ விழுந்தனியோ?"

"விழுந்தனான்."

"எழும்பினியோ?"

"எழும்பி நடுவரோட சண்டையும் பிடிச்சனான்."

ஐயர் தலையாட்டினார். "நடுவர் இல்லையெண்டால் புள்ளிக் கணக்கிலதான் இல்லை. பிள்ளையாருக்கு நீர் புள்ளி பேசேல்லை, விழுகைதான் பேசினனீர்."

தலைவர் 61 என்று எழுதினார். மருமகளுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "ஆனால் மூண்டு தரம் நான் விழவே இல்லை" என்றாள். "பின்னால ஒருத்தரும் வரேல்லை. குனிஞ்சு ஆறுதலா வைச்சனான்."

"பாத்தியளோ! மூண்டைக் கழியுங்கோ" என்றார் அத்தான். தலைவர் 58 என்று திருத்தினார்.

இந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். என் கையில் இருந்த காசு அதைத்தான் சொன்னது. ஆனால் அவள் போய் விழப்போகிற மைதானம் என் கண்ணில் தெரிந்தது. நான் மூன்று தேங்காய்க்குக் கணக்குப் பார்த்த செய்தி அவள் முழங்காலுக்குப் போய்விடுமோ என்று இருந்தது. "இல்லை, சேருங்கோ" என்றேன். "குனியேக்க தடக்குப்பட்டுத்தான் இருப்பாள்."

"நான் தடக்குப்படேல்லை மாமா!"

"உனக்குத் தெரியாது பிள்ளை."

தலைவர் உறையில் இடமில்லாமல் ஓரத்தில் மறுபடியும் 61 என்று எழுதினார். வண்டியில் இருந்ததோ அறுபது. "மிச்ச ஒண்டுக்கு வழி பிறகு பாப்பம், முதல் துவங்குங்கோ" என்றார் தேங்காய்க்காரர்.

நான் உடைக்கத் தொடங்கினேன். பதினொராவது காயோடு தோள்மூட்டு பிடித்துக்கொண்டது. பதின்மூன்றாவது காய் கல்லில் படாமல் தலைவரின் சைக்கிளில் பட்டது. மணி பத்தே முக்கால்.

"மாமா, தள்ளுங்கோ" என்று மருமகள் முன்னால் வந்தாள்.

"உன்ர முழங்கால்!" என்று அக்கா கத்தினாள்.

"முழங்காலால எறியேல்லை அம்மா."

அவள் எங்களை ஒரு வரிசையாக நிறுத்தினாள். லான்ட்மாஸ்டரில் தேங்காய்க்காரர், அடுத்து அத்தான், அடுத்து தலைவர், அடுத்து அக்கா, கடைசியில் அவள். ஒருவருக்குப் பின்னால் ஒருவர், சரிவாக. வாங்குகிறவர் தருகிறவருக்குக் கொஞ்சம் பின்னால்தான் நிற்க வேண்டும் என்றாள். முன்னால் நிற்கிற ஆளுக்கு எறிந்தால் குற்றமாம். தலைவர் முதல் காயை வயிற்றால் பிடித்தார். இரண்டாவதைக் கையால் பிடித்தார். மூன்றாவது காயோடு அவருக்கு விளையாட்டு பிடித்துப்போய், "இஞ்சால, இஞ்சால!" என்று கத்தத் தொடங்கினார். அக்கா, ஆறு வருடமாக அந்த விளையாட்டை வீடியோவில் பார்க்கவும் மறுத்தவள், சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அண்ணை, பிந்தித் தாறீங்கள்" என்று தலைவரை ஏசினாள். மருமகள் ஒவ்வொரு காயையும் வாங்கிய கையோடு கல்லில் அடித்தாள். சொட்டுகள் மதில் வரை பறந்தன. ஆட்டுக்கு எதை முதலில் தின்பதென்று தெரியவில்லை. எனக்கு எண்ணுகிற வேலை.

ஐம்பத்தொன்பது முடிய வாசல் சீமெந்து முழுவதும் தேங்காய்த் தண்ணீர் ஓடி ஈரம். கடைசிக் காயை அக்கா கொஞ்சம் உயரமாக எறிந்துவிட்டாள். மருமகள் இரண்டடி ஓடித் தாவிப் பிடித்தாள். கால் வழுக்கியது. மற்றவர்கள் விழுந்தால் கையை ஊன்றுவார்கள். அவள் பழக்கதோசத்தில் காயை நெஞ்சோடு அணைத்து, தோளைத் திருப்பி, வழுக்கிக்கொண்டே போய், கல்லுக்கு அப்பால் அதை இரண்டு கையாலும் நிலத்தில் அழுத்தி வைத்தாள்.

என் காதுக்குள் மில் ஓடியது.

அவள் எழும்பினாள். முழங்காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். "ஒண்டுமில்லை மாமா, சுகமாத்தான் இருக்கு" என்று சொல்லி, காயைத் தூக்கிக் கல்லில் அடித்தாள்.

முதலில் வாய் திறந்தவர் தேங்காய்க்காரர். "அப்ப அறுபத்திரண்டு."

"உனக்கு விசரோ?" என்றார் அத்தான். "பந்தோட விழுந்தாத்தானே கணக்கு? இது தேங்காயல்லோ!"

எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள். ஐயர் என்னைப் பார்த்தார். என்னை ஆறு வருடமாகத் தெரிந்தவர். "உமக்கு இதை விட்டிட்டு நித்திரை வருமோ?" என்று கேட்டார்.

"வராது ஐயா."

"அப்ப சேரும்."

இனி இரண்டு காய் வேண்டும். மணி பதினொன்று இருபத்தைந்து. சந்தைக்குப் போய்வர நேரமில்லை. தேங்காய்க்காரர் லான்ட்மாஸ்டர் சீற்றுக்குக் கீழே கையை விட்டு இரண்டு தேங்காய் எடுத்தார்.

"வீட்டுக்கெண்டு வைச்சது அண்ணை. மனுசி தேங்காய்ப்பால் சொதிக்குக் கேட்டவ. இது வேற விலை."

"எவ்வளவு?"

"இருநூற்றைம்பது."

"அநியாயம்!" என்றார் அத்தான்.

"அண்ணை, சொதியில்லாமல் வீட்டுக்குப் போறது நான்."

அந்த இரண்டையும் நானே உடைத்தேன். தோள் நோவு தெரியவில்லை. கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டு எழும்பும்போதே றோட்டில் பஸ் ஹோர்ன் கேட்டது. மருமகள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். பஸ் நிற்காமல் கொஞ்சத் தூரம் உருண்டது. அவள் வேகம் எடுத்தாள். ஆறு வருடத்தில் அவள் ஓடுவதை நான் நேரில் கண்டது அன்றுதான். போனில் எப்போதும் விழுகைதான் எனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஓட்டத்தைக் கவனிக்க நான் ஒருபோதும் பொறுமையாக இருந்ததில்லை. கால் நிலத்தில் பட்டதா என்று சொல்ல முடியாத ஓட்டம். மிதிபலகையில் ஏறி நின்று திரும்பிக் கத்தினாள்:

"மாமா, அந்த நேர்த்தியை இதோட முடிச்சு விடுங்கோ! நான் இனியும் விழுவன்!"

எல்லோரும் போனபின் அதற்காகத்தான் திரும்பக் கோயிலுக்குள் போனேன். எல்லாம் தீர்த்துவிட்டேன், இன்றோடு சரி என்று ஒரு வசனம் சொன்னால் முடிந்தது. கைகூப்பிக்கொண்டு நின்றேன். நாளைக்கு மறுநாள் அவள் ஓடுவாள், பின்னால் மூன்று பேர் துரத்துவார்கள். அந்த நேரம் பார்த்து நான் போய் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டவனாக இருக்க வேண்டுமா? ஐயர் விளக்கைத் தூண்டிக்கொண்டு, "என்ன, முடிச்சாச்சோ?" என்றார். "பிறகு பாப்பம் ஐயா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தச் சுற்றுப்போட்டியில் அவள் மூன்று தடவை விழுந்தாள். மூன்று தடவையும் முழுசாக எழும்பினாள். முழங்கால் ஒன்றும் செய்யவில்லை. சாதனை எண் அறுபது என்று பெடியள் பிளெக்ஸைத் திருத்தினார்கள். அடுத்த நாள் காலை தேங்காய்க்காரர் மில்லுக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊரில் அவரைப் போல மனதார வாழ்த்தியவர் வேறொருவரும் இல்லை. விலை இன்னும் ஏறப்போகிறது, இப்போதே எடுத்து வையுங்கோ என்று மூன்று நல்ல காயும் தந்தார். அவை மோட்டருக்குப் பக்கத்தில், அவள் வருகிற நாளுக்காகக் கிடக்கின்றன.

அன்றைய அறுபது காய் நூற்றெண்பதுப்படி பத்தாயிரத்து எண்ணூறு. சொதித் தேங்காய் இரண்டும் ஐந்நூறு. அன்று கையில் கொடுத்தது எண்ணாயிரம். புதிய மூன்று காய் இருநூறுப்படி அறுநூறு. அவருக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது மூவாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.